கணக்கில் வராத காற்று

காரின் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. என் மனைவி குமுதினியைக் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய ஞாபகத்தை நம்புவதை நான் நிறுத்தியதே இந்தக் கார் விவகாரத்துக்குப் பிறகுதான். ஆகவே இதில் நாட்கள் முன்பின்னாக இருக்கலாம். எண்கள் மட்டும் சரியானவை. அப்போது படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவற்றைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

கார் இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுப் பதிவு. பெட்ரோல், கையால் கியர் மாற்றுவது. ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் அதை வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு சர்க்கரை வியாதி கண்ணுக்கு வந்தது. லைசென்சைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கார் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உள்ளே போய் உட்கார்ந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவேன். நிறுத்திய பிறகும் உடனே இறங்க மாட்டேன். மடியில் புத்தகம் இருக்கும். நின்ற காருக்குள் இருக்கும் அமைதி எந்த அறையிலும் கிடைப்பதில்லை.

குமுதினிக்கு ஐம்பத்துநாலு வயது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கும் கெயரர் வேலை. அந்த வேலையைப் பதினொரு வருடமாக பஸ்ஸில் போய்ச் செய்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்தப் பெப்ரவரியில், ஐந்தாவது தடவையில், ட்ரைவிங் சோதினையில் பாஸ் பண்ணினாள். கம்பெனிக்காரர் உடனே சிங்ஃபோர்ட் பக்கத்தில் ஆறு வீடுகளைக் காரில் போய்ப் பார்க்கும் வேலையைத் தர ஒப்புக்கொண்டார்கள். மார்ச் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை தொடக்கம். நிபந்தனை ஒன்றுதான்: காருக்கு அந்த வருடத்து எம்.ஓ.டி. பரிசோதனைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பரிசோதனைக்குப் பதிந்திருந்தோம். எஞ்சின் விளக்கு எரிந்தால் கார் பெயில். கார் பெயில் என்றால் அந்த ஆறு வீடுகளும் வேறொருவருக்குப் போய்விடும். மேனேஜர் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது விளக்கு எரிந்தது.

யாக்கோப்பு வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குக் கீழே கராஜ் வைத்திருப்பவன். மன்னார் ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவன். கையடக்கக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, வந்த குறியீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஸ்ரீ அண்ணை, கார் பட்டினி கிடக்குது. காத்தை மட்டும் குடிச்சுக்கொண்டிருக்குது. உங்கடை வீட்டிலை சோறு போடுறேல்லையோ?"

பி0171 என்பது குறியீடு. எஞ்சினுக்குப் போகும் காற்று அதிகம், பெட்ரோல் போதாது என்பது அதன் பொருள். காரணம் பல இருக்கலாம் என்று அவன் விளக்கினான். காற்றை அளக்கும் சென்சரில் அழுக்குப் பிடித்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் களைத்திருக்கலாம், எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம். முதலில் சென்சரைக் கழற்றி மருந்து அடித்துத் துடைத்தான். குறியீட்டை அழித்தான். விளக்கு அணைந்தது. மூன்று நாள் கழித்து, குமுதினி சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், மறுபடியும் எரிந்தது.

அவன் அடுத்ததாகச் சொன்னது தொழில் தெரிந்த எவனும் சொல்லக்கூடியதுதான். இருபது வயதான கார், இதற்குள் எதைத் தேடுவது. வெள்ளிக்கிழமை காலை தன்னிடம் கொண்டுவந்தால் மறுபடியும் அழித்துத் தருவான், விளக்கு திரும்பி வருவதற்குள் பரிசோதனை முடிந்துவிடும், பிறகு ஆறுதலாக வேறு கார் பார்க்கலாம்.

எனக்கு அது சரியாகப் பட்டது. வாய் திறக்காமல் நின்றேன். நான் பேசாமல் நின்றால் குமுதினி அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வாள் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"வேண்டாம் தம்பி," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை பாஸ் பண்ணிப்போட்டுத் திங்கட்கிழமை சிங்ஃபோர்டிலை நடுறோட்டிலை நிண்டால் ஆர் வாறது? இவரோ? அங்கை ஒரு மனிசி காலமை எட்டு மணிக்குப் படுக்கையிலை எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கடை மெஷினை ரெண்டு நாளைக்குத் தாங்கோ."

அவன் தந்தான். எங்களுக்கு அதைப் பாவிக்கத் தெரியாது என்றும் சொன்னான். "இவர் வாசிப்பார்," என்று அவள் என்னைக் காட்டினாள். "வாசிக்கிறதைத் தவிர வேறை என்ன வேலை இவருக்கு?"

வலது கண்ணால் இன்னும் வாசிக்க முடிகிறது. செவ்வாய் முழுவதும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசித்தேன். புரிந்துகொண்டது இதுதான். உள்ளே போகும் காற்றைக் கம்ப்யூட்டர் அளந்து அதற்கு ஏற்றபடி பெட்ரோல் ஊற்றுகிறது. புகை போகும் பக்கத்தில் இன்னொரு சென்சர் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்த்து, ஊற்றியது போதாது என்று சொன்னால், அடுத்த முறை கூட ஊற்றுகிறது. தன்னுடைய கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை அது எழுதி வைக்கிறது. பத்துக்குள் இருந்தால் பயமில்லை. தன்னால் இதற்கு மேல் ஈடு செய்ய முடியாது என்ற நிலை வரும்போதுதான் விளக்கை எரிக்கிறது. விளக்கு எரிவதற்கு முன்பே பல காலமாக அது சத்தமில்லாமல் ஈடு செய்துகொண்டிருக்கலாம். இந்த வரியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அல்லது பிறகு நடந்ததால் அப்படி ஞாபகம் இருப்பதாகத் தோன்றுகிறது.

புதன்கிழமை பின்னேரம் வாசலில் நின்ற காரில் இருவரும் ஏறினோம். அவள் ஓட்டுநர் இருக்கையில். நான் பக்கத்தில், மடியில் கருவி. எஞ்சின் சும்மா ஓடும்போது எண் இருபத்துநாலு. நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு ஏற்றி, அப்படியே ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். எண் மெல்ல இறங்கி ஏழில் நின்றது.

"என்ன அர்த்தம்?"

ஓட்டை ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையால் வரும் காற்று, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெரிய பங்கு. வேகமாக ஓடும்போது சிறிய பங்கு. பெட்ரோல் பம்ப் பழுதென்றால் எண் ஏறியிருக்கும், இறங்கியிருக்காது. இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய வலது காலை. ஒரு நிமிடம் முழுவதும் சுற்றைக் காட்டும் முள் ஒரு மயிரிழை அசையவில்லை.

இந்த இடத்தில் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. குமுதினி முதன்முதலாக இதே இருக்கையில் பழக உட்கார்ந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்று இலையுதிர் காலத்தில். பழக்கியவன் நான். வான்ஸ்டெட் வெளியைச் சுற்றியுள்ள தெருக்களில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கிளட்சை விடும்போதெல்லாம் கார் குலுங்கி நின்றது. சந்திகளில் நின்றது. சின்ன ஏற்றத்தில் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் ஓட்டும்போது நிற்பதில்லையே என்று எனக்கு எரிச்சல். எனக்கு அந்தக் காரின் சுபாவம் தெரியும். கொஞ்சம் கூட மிதித்துத்தான் எடுப்பேன், அப்படி எடுப்பது எனக்கே தெரியாமல் பழகியிருந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ நான் சொன்னேன்: "உமக்குக் கால் பதம் இல்லை. இது எல்லாருக்கும் வராது." நாட்கள் மறந்துபோன எனக்கு அந்த வசனம் மறக்கவில்லை. அவள் காரை ஓரமாக நிறுத்தி, திறப்பை உருவி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் பார்வை இழக்கத் தொடங்கிய பிறகுதான், எனக்குச் சொல்லாமல், இல்ஃபோர்டில் ஒரு பெண்ணிடம் காசு கட்டிப் பழகினாள். முதல் நான்கு சோதினைகளிலும் ஏற்றத்தில் எடுக்கும்போது பதறிப் பெயிலானாள்.

வியாழக்கிழமை காலை எண்களோடு யாக்கோப்பிடம் போனோம். அவன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஓட்டைதான் என்று ஒத்துக்கொண்டான். புகை அடித்தால் ஓட்டையால் புகை வெளியே வரும், இடம் தெரிந்துவிடும். ஆனால் அவனுடைய புகை மெஷின் இரண்டு மாதமாகப் பழுது. மற்றக் கராஜ்காரரிடம் இரவல் கேட்டால் திங்கட்கிழமை தருவார்கள்.

குமுதினி கைப்பையைத் திறந்து சாம்பிராணிப் பக்கெட்டையும் கரிவில்லைகளையும் வெளியே எடுத்தாள். புகை அடித்துப் பார்க்கும் முறையை முதல் நாள் நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன். நான் மறந்துபோனதை அவள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

யாக்கோப்பு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். "எங்கடை பாதர் கண்டால் ஞாயிறு பூசைக்குத் தூபம் பிடிக்க என்னையே கூப்பிடுவார்," என்றான். ஆனால் அதற்குள் மூடியுள்ள ஒரு வெறும் பெயின்ட் தகரத்தைத் தேடி எடுத்துவிட்டான். மூடியில் இரண்டு துளை போட்டான். ஒன்றில் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பின் குழாய். மற்றதில் நீளமான ரப்பர் குழாய். காற்று வடிகட்டியைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் பெரிய குழாயின் வாயை ரப்பர் கையுறையால் இறுக்கி மூடி, அதற்குள் நீளக் குழாயின் நுனியைச் செருகினான். எஞ்சின் குளிர்ந்திருந்தது. குமுதினி கரிவில்லையை மூட்டி, சாம்பிராணியைத் தூவி, மூடியை அழுத்தினாள். பம்பையும் அவளே மிதித்தாள். அந்த முழங்காலோடு வேண்டாம் என்றோம், கேட்கவில்லை.

கையுறை ஊதிப் பெருத்தது. வளைவுக்கு மேலே ஒரு ரயில் போய் முடிந்தது. யாக்கோப்பு டோர்ச் அடித்துக்கொண்டு எஞ்சினுக்கு மேலே குனிந்து நின்றான். நான் எதையும் காண முடியாத இடத்தில் நின்றேன். முதலில் மணம்தான் வந்தது. பிறகு அவன் மெதுவாக, "பின்னாலை. சுவரோடை. நூல் மாதிரி வருது," என்றான்.

கையைத் தோள்வரை விட்டுத் துழாவி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலத்தை இழுத்தான். கார் செய்தவர்கள் வைத்த பொருள் இல்லை என்று எனக்குக்கூடத் தெரிந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஒரு மெல்லிய குழாயை யாரோ வெட்டி, இடையில் மூன்று வாய்க் குழாய் மூட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். மூன்றாவது வாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய். தேநீர் நிறத்தில் இறுகிப்போயிருந்தது. நடுவில் வெள்ளைக் கவ்வி ஒன்று, விரலால் உருட்டும் சின்னச் சில்லோடு. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும்போது சொட்டைக் கூட்டிக் குறைப்பது. கவ்வி இரண்டாகப் பிளந்திருந்தது. குழாயின் நுனியில் தூசி போகாமல் ஒரு துணித்துண்டு திணித்திருந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி.

யாக்கோப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணெண்ணெய்க் காலத்து வேலையெல்லோ இது? முந்திக் கார் ஆரிட்டை வேண்டினீங்கள் அண்ணை?"

ஒரு வெள்ளைக்காரரிடம் என்றேன்.

"அப்ப அந்தாளும் தொண்ணூறிலை ஊரிலை இருந்திருக்கிறார். சாரமும் கட்டியிருக்கிறார்."

நாங்கள் இருவரும் சிரிக்காததைப் பார்த்து அவன் நிறுத்தினான். புதுக் குழாய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். குழாய் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

அவன் சொன்னது சரி. பெட்ரோல் வராத அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெட்ரோலில் இயக்கி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். கிடைத்ததை மிச்சம் பிடிக்க, உறிஞ்சும் குழாயில் இப்படி ஒரு சேலைன் கவ்வியைப் பூட்டிக் கொஞ்சம் காற்றைக் கலந்துவிடுவேன். அந்த எஞ்சினுக்கு அது சரிவந்தது. கம்ப்யூட்டர் உள்ள எஞ்சினுக்கு அது ஒரு துளி மிச்சமும் தராது. உள்ளே வந்த காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றி ஊற்றி அது அத்தனை வருடமும் ஈடு செய்திருக்கிறது. கவ்வி பிளந்த பிறகுதான் கையை விரித்திருக்கிறது. அதுவரை கிளட்சை விட்டு எடுக்கும் நேரத்தில் மட்டும் எஞ்சின் தடுமாறியிருக்கும்.

ஆனால் பூட்டிய ஞாபகம் எனக்கு இல்லை. எத்தனை முறை தேடியும் அந்தக் கணம் கிடைக்கவில்லை. டேப் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. நான் இடக்கைக்காரன்.

குமுதினி பிளந்த கவ்வியை எடுத்துப் பெருவிரலால் சில்லை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நான் ரெண்டு கொண்டு வந்தனான்," என்றாள். "அப்ப வேலை செய்த நேர்சிங் ஹோமிலை திகதி முடிஞ்சதெண்டு எறிய வைச்சிருந்தது. கனடாக் கலியாணத்துக்குப் போகேக்கை கருவேப்பிலைக்குத் தண்ணி சொட்ட. ஒண்டைப் பூட்டினன். மற்றதைக் காணேல்லை. உங்களையும் கேட்டனான்."

அவள் கேட்டபோது நான் பேசாமல் இருந்திருப்பேன். அமைதியை விரும்புகிறவன் என்று என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்திருக்கிறேன். அது எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று அன்று தெரிந்தது.

"நான்தான் பூட்டியிருக்கிறன்," என்றேன்.

"எப்ப?"

"ஞாபகமில்லை."

"நான் பழக வெளிக்கிட முதலோ, பிறகோ?"

ஞாபகமில்லை என்ற சொல் மறுபடியும் வாய்வரை வந்தது. அது பொய்யும் இல்லை. அதற்குள் ஒதுங்கி நின்றிருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக நாங்கள் செய்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தெரிந்தவற்றைக் கொண்டு கண்டுபிடிப்பதுதான். கனடாக் கலியாணம் இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆடி மாதம். அவள் பழக உட்கார்ந்தது அந்த இலையுதிர் காலம். குழாய் காணாமல் போனது இரண்டுக்கும் நடுவில். அந்த ஆவணிக்கு முன்னால் இந்தக் காரைக் கொஞ்சம் கூட மிதித்து எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"முதல்," என்றேன். "நீர் பழகேக்கை கார் நிண்டது உம்மடை காலாலை இல்லை. உந்தக் குழாயாலை. நான் சொன்னது பிழை."

அவள் கவ்வியைத் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒன்பது வருசம்," என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, குழாய் கிடைச்சிட்டுதோ?" என்று கூப்பிட்டாள்.

பூட்ட அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. யாக்கோப்பு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஒரே துண்டாகப் புதுக் குழாய் போட்டான். மறுபடியும் சாம்பிராணி. இந்த முறை கையுறை மட்டும் பெருத்தது, புகை எங்கும் வரவில்லை. குறியீட்டை அழித்தான். நன்றாக ஓட்டிப் பார்த்தால்தான் கம்ப்யூட்டர் புதுக்கணக்கு எழுதும் என்றான். நான் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன்.

"நீங்கள் இருங்கோ," என்றாள் குமுதினி. "நான் தனிய ஓடிப் பார்க்கிறன்."

யாக்கோப்பு தந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவன் வேறு காருக்குக் கீழே போய்விட்டான். புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் விபத்தில் மாட்டுவாள் என்ற பயம் எனக்கு இல்லை. அவள் திரும்பி வந்து என்ன சொல்வாள் என்பதுதான் பயம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வந்து, எஞ்சினை நிறுத்தாமல், கண்ணாடியை இறக்கிக் கருவியை நீட்டினாள். எண் மூன்று.

"எங்கை போனனீர்?"

"சிங்ஃபோர்ட் ஏத்தத்துக்கு. நடுவிலை நிப்பாட்டி எடுத்துப் பார்த்தன். எட்டுத் தரம்."

"நிண்டதோ?"

"இல்லை," என்றாள். அவ்வளவுதான். அந்த எண்ணையும் நான் புத்தகத்தில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கார் பாஸ். முன்பக்க டயர்கள் தேய்ந்து வருவதாக ஒரு குறிப்பு மட்டும் எழுதித் தந்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தனியாகப் போனாள்.

இப்போது ஐந்து மாதமாகிறது. குமுதினி சிங்ஃபோர்டில் ஆறு வீடுகளில் தொடங்கி ஒன்பது வீடுகள் பார்க்கிறாள். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறாள். யாக்கோப்பு புது மெஷின் வாங்கிவிட்டான், பெயின்ட் தகரத்தையும் எறியாமல் வைத்திருக்கிறான். விளக்கு மறுபடி எரியவில்லை. கருவேப்பிலை மற்றச் சேலைன் குழாயோடு ஜன்னலில் நிற்கிறது. என் வலது கண்ணுக்கு இரண்டாவது தடவை லேசர் அடித்தார்கள், இப்போதைக்கு வாசிக்கிறேன். அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காருக்குள் போய் உட்காருவதில்லை, அன்று அவளுக்கு வேலை, கார் வாசலில் இருப்பதில்லை.